கிராம்பு வாசனை

வலது தோள் எரிந்தது. மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்துக்கொண்ட மாதிரி எரிச்சல். தோளுக்குக் கீழே கை என்று ஒன்று இருக்கிறதா என்றே தெரியவில்லை. காலை முறை வேலை முடிந்து வந்தால் அவனுக்குத் தினமும் இந்தக் கதிதான். மூட்டை இறங்கிப் போய்விடும். விரல்கள் மட்டும் அது இன்னும் இருப்பதாக நினைத்து மடங்கியே நிற்கும். அவற்றை வெந்நீரில் முக்கி, ஒவ்வொன்றாக இழுத்து நிமிர்த்தி, பேனா பிடிக்கிற பதத்துக்குக் கொண்டுவருவதற்குள் ஜன்னலில் விழுந்த வெயில் சுவர் ஏறிவிடும்.

"ஊற வெச்சு ஊற வெச்சு அந்தக் கையை ஊறுகாய் போடப் போறீங்க," என்றாள் மனைவி. கிழிந்த சாக்குகளை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டா வருஷம் பூரா வெச்சுத் திங்கலாம்."

"இந்தக் கையையா? நாய் மோந்துட்டுப் போயிடும்."

அவன் பலகையை இழுத்துத் தகர டப்பாக்களின் மேல் வைத்தான். அதுதான் மேசை. பழைய சரக்குச் சீட்டுகளின் பின்பக்கம்தான் தாள். மனைவி ஊசியைச் சாக்கில் குத்திவிட்டு எழுந்து, பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனாள். அவன் எழுதுகிற நேரத்தில் அவள் கழுவும் பாத்திரம் சத்தம் போடாது.

கிடங்கில் அவனைப் பேனா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று காதில் பேனாவைச் செருகிக்கொண்டு போனான். கணக்கு எழுத வந்தவர் என்று நினைத்து யாரோ நாற்காலி எடுத்துப் போட்டார்கள். ஆள் மூட்டை தூக்க வந்தவன் என்று தெரிந்ததும் நாற்காலி போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. கூட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவர் அண்ணன். கிடங்கில் அவருக்குப் பெருசு என்று பெயர். பேனா எழுதிக்கொண்டிருந்த நாவலிலும் அவர் பெருசுதான். அச்சுக்குப் போகும்போது வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான். வேறு எந்தப் பெயரை எழுதினாலும் அந்த ஆள் நடக்க மாட்டேன் என்றார்.

நாவல் பாதியில் நின்றபோது, போன மழைக்காலத்தில், அண்ணன் செத்துப்போனார். கிடங்கில் மூட்டைகளைச் செங்கல் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கிச் சுவராக எழுப்புவார்கள். அதற்கு அட்டி என்று பெயர். கூரை ஒழுகி ஓர் அட்டியின் அடிவரிசை நனைந்து, சாக்கு இற்று, தானியம் முளைவிட ஆரம்பித்திருந்தது. அதன்மேல் இன்னும் ஏற்றச் சொன்னார் மேனேஜர். வேண்டாம் என்று அண்ணன் சொல்லிப் பார்த்தார். பிறகு மற்றவர்களை லாரிப் பக்கம் அனுப்பிவிட்டு, எந்த வரிசை தாங்கும் என்று பார்க்கத் தான் மட்டும் உள்ளே போனார். சுவர் அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டது.

அண்ணன் பல்லில் ஒரு சொட்டுச் சாராயம் பட்டதில்லை. குடித்துவிட்டு வந்தவனோடு சேர்ந்து மூட்டை பிடிக்கக்கூட மாட்டார். "நீ ஆடுற, மூட்டை ஆடும், நானும் ஆடணும், போய் முகம் கழுவிட்டு வா," என்பார்.

அன்று அவன் கடைசி அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தபோது அண்ணி வாசலில் வந்து நின்றாள். பக்கத்து அறைதான். அந்த அறை அண்ணன் பெயரில் கிடங்கு கொடுத்தது.

"தம்பி, விசாரணைக்கு அதிகாரி வெள்ளிக்கிழமை வர்றாராம். மேஸ்திரி சொல்லிட்டுப் போனாரு."

"சரிங்க அண்ணி."

"நான் என்ன பேசணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்தீங்கன்னா படிச்சு வெச்சுக்குவேன்."

"நீங்க என்ன பேசணும்? அட்டி நனைஞ்சிருந்தது, ஏத்தாதீங்கன்னு அண்ணன் சொன்னாரு. அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னாப் போதும்."

"உள்ளதைத்தான் சொல்லணும். அதை எப்படிச் சொல்றதுன்னுதான் கேக்குறேன்."

"நாளைக்கு எழுதித் தர்றேன் அண்ணி," என்றான், கண் தாளிலேயே இருக்க. அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள்.

விசாரணையில் நிர்வாகத்தின் தப்பு என்று ஆனால் அண்ணிக்குக் கிடங்கில் தானியம் புடைக்கிற வேலை கிடைக்கும். அறையும் அவளுக்கே இருக்கும். செத்தவர் தப்பு என்று ஆனால் அறையைக் காலி செய்துவிட்டுப் பள்ளிக்கூடம் போகிற பெண்ணோடு தெருவில் நிற்க வேண்டும். இது அவனுக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த மத்தியானம் அவன் தலைக்குள் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பல வருஷமாகக் கல்லாகக் கிடந்த நாவல் அப்போதுதான் உருள ஆரம்பித்திருந்தது.

அதை உருட்டிவிட்டவர் பதிப்பகத்துக்காரர். அச்சகத்தின் பின்னால், மை நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவர். முதலில் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுச் சொன்னார்: "அட்டி சரிஞ்சு ஆள் செத்தான். சரி. அதுல அவன் என்ன பண்ணினான்? ஒண்ணுமே பண்ணாதவன் செத்தா, படிக்கிறவன் ஐயோ பாவம்னுட்டுப் புத்தகத்தை மூடிட்டு டீ குடிக்கப் போயிடுவான். அவன் கையும் அதுல கொஞ்சம் இருக்கணும் ஐயா. அப்பத்தான் தூங்க விடாது."

பேனா திருத்தினான். பெருசுக்குக் காய்ச்சல் என்று எழுதிப் பார்த்தான், நிற்கவில்லை. வீட்டில் சண்டை என்று எழுதிப் பார்த்தான்; அண்ணியை அறிந்தவன் கை அதை எழுத மறுத்தது. கடைசியில் ஒரு மத்தியானம் அது வந்தது. அத்தனை ஆட்களுக்கு முன்னால் மேனேஜர் பெருசை வாய்க்கு வந்தபடி பேசிவிடுகிறார். வாழ்க்கையில் தொடாதவர் மறுநாள் விடியலில் போய்க் குடிக்கிறார். குடித்தவனோடு மூட்டை பிடிக்க மாட்டேன் என்று யாரையெல்லாம் திருப்பி அனுப்பினாரோ அவர்களுக்கு நடுவில், நாற்றம் தெரியாமலிருக்க வாயில் எதையோ அடக்கிக்கொண்டு நிற்கிறார். அந்த 'எதையோ' என்ற இடத்தில் அவன் நாள் கணக்கில் மல்லுக்கட்டினான். ஏலக்காய் என்று போட்டான். கல்யாண வீடு மாதிரி இருந்தது. சோம்பு போட்டான், வெறும் சோம்பாகவே இருந்தது. கிராம்பு என்று போட்டதும் ஆள் எழுந்து நின்றார். பல்வலிக்காரன் வாசனை. வலியை மறைக்கிறவன் வாசனை. எழுதி முடித்துவிட்டு அவனே அழுதான். அது பொய் என்று அழும்போதும் தெரியும். ஆனாலும் அழுகை வந்தது.

எழுதியதை அவன் முதலில் தட்டிப் பார்க்கிற இடம் கிடங்கின் டீ நேரம். ஆட்கள் சாக்குக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். அவன் தாளைப் பார்க்காமல், வாயால் சொல்லிக்கொண்டே போவான். கொக்கி என்றொருவன் உண்டு. மூட்டை இழுக்கிற கொக்கியை இடுப்பிலிருந்து கழற்றாமலே தூங்குகிறவன் என்று பெயர். கதையில் சப்பு இல்லாவிட்டால் கொக்கி சூட்டோடு சூடாக டீயை உறிஞ்சிவிட்டு எழுந்துவிடுவான். அவன் கையில் டீ ஆறி ஆடை படிந்தால் அந்த இடம் தேறியது. பேனாவுக்கு எந்த விமரிசகரும் வேண்டியதில்லை, கொக்கியின் தம்ளர் போதும்.

பெருசு கிராம்பை மெல்லுகிற இடத்தைச் சொன்ன அன்று கொக்கி டீயைக் குடிக்கவே இல்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். மேஸ்திரி தொண்டையைச் செருமினார். பேனாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலமே போய்ப் பதிப்பகத்தில் கொடுத்துவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை மழை தூறியது. அதிகாரி மேனேஜர் அறையில் உட்கார்ந்தார். வழுக்கைத் தலை, சலித்த முகம், ஆனால் ஒவ்வொருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் கேள்வி கேட்டார். ஆட்கள் வராந்தாவில் நின்றார்கள். அண்ணி முன்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவன் எழுதித் தருவதாகச் சொன்ன தாள் அவளிடம் இல்லை.

மேஸ்திரியை அழைத்தார்கள். அட்டி நனைந்திருந்ததா என்று கேட்டார் அதிகாரி. மேஸ்திரி மேனேஜரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "மழைக்காலம் சார். எல்லாந்தான் நனையும்," என்றார்.

அடுத்தது கொக்கி.

"நீ பார்த்ததைச் சொல்லு."

"அவர் எனக்குத் தகப்பன் மாதிரி சார்," என்று ஆரம்பிக்கும்போதே கொக்கிக்குக் குரல் உடைந்தது. "நான் பொய் சொன்னா என் கை விளங்காது. அன்னிக்கு அவர் சரியில்ல சார். முதல் நாள் எல்லார் முன்னாடியும் பேச்சு வாங்கியிருந்தாரு. மனுஷன் தாங்கல. எங்கேயோ போய்க் குடிச்சுட்டு வந்துட்டாரு. எங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வாயில கிராம்பை அடக்கியிருந்தாரு. விழுந்தப்புறம் நான்தான் சார் தலையை மடியில வெச்சிருந்தேன். கிராம்பு வாசனை. அவர் கிராம்பு மெல்ற ஆளே இல்ல."

வராந்தாவில் நின்ற பேனா கதவருகே வந்தான். அது அவன் வாக்கியம். 'மனுஷன் தாங்கல' என்பது கூட அவனுடையதுதான்.

தடுத்தவர் கையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். "சார், அது நான் எழுதுனது."

"யார் இவரு?"

"செத்தவரோட தம்பி சார்," என்றார் மேனேஜர், அதுவரை பேசாதவர். "கதை எழுதுவார். இதையும் எழுதியிருக்கார் போலிருக்கு. சொந்தத் தம்பியே எழுதியிருக்கார்."

"சார், அது கதை. எங்க அண்ணன் குடிச்சதே கிடையாது. கதைக்காக நான் சேர்த்தது. இவனும் நானும் அன்னிக்கு லாரி மேல நின்னோம். சத்தம் கேட்டுத்தான் ஓடிப் போனோம். இவன் எதையும் பார்க்கல."

"நான் தலையைத் தூக்கலையாடா?" என்றான் கொக்கி. கண்ணில் நீர் நின்றது. "நீ அப்போ எங்கே இருந்த? மூட்டையைப் பொரட்டிக்கிட்டு இருந்த. மடியில வெச்சிருந்தது நான்."

அதிகாரி தன் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். "நீங்க எழுதுனது கதைன்னு சொல்றீங்க. சரி. அவர் பார்த்தேன்னு சொல்றார். நான் எதை எழுதுறது?"

"நாலு தடவை மாத்தி எழுதியிருக்கேன் சார். முதல்ல எழுதுனதுல குடியே கிடையாது. அடுத்ததுல காய்ச்சல்னு இருக்கும். அப்புறந்தான் ஒவ்வொண்ணா மாத்துனேன்."

"அப்படின்னா அதையெல்லாம் கொண்டாங்க. எப்படி மாறிச்சுன்னு பார்த்தா எனக்கும் புரியும். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி வர்றேன்."

அவன் மழையோடு வீட்டுக்கு ஓடினான். பலகைக்குக் கீழே, பரணில், துணி மூட்டைக்குள் என்று அலசினான். தேடுகிற கைக்கே தெரியும், அங்கே ஒன்றும் இல்லை என்று. ஒரு தடவை திருத்தி எழுதி முடித்தால் பழையதை அவன் வைத்துக்கொள்வதில்லை. வைத்திருந்தால் மனது அதற்கே திரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். எரித்துவிட்டால்தான் முன்னால் நடக்கும். அது அவன் தொழில் முறை. அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

வாசலில் அண்ணி வந்து நின்றாள். நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை.

"பழைய தாளுங்களா தம்பி தேடுறீங்க?"

"ஆமாம் அண்ணி."

"அடுப்புக்குன்னு நீங்கதான கட்டுக் கட்டாக் குடுத்தீங்க. விறகு ஈரமா இருந்தப்பல்லாம் அதை வெச்சுத்தான் பத்த வெச்சேன். நல்லா எரியும், உங்க தாளு." பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "அதுல அவர் குடிக்காம இருந்தாரா?"

ஆமாம் என்று அவன் தலையை ஆட்டினான்.

"அப்ப நானே எரிச்சிருக்கேன்," என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் கொக்கியை மடக்கினான். எடைமேடைக்குப் பின்னால் கொக்கி காலைக் கழுவிக்கொண்டிருந்தான்; பாதமெல்லாம் வெடிப்பு.

"டேய், நிதானமாக் கேளு. கிராம்புன்னு நான் எப்படி எழுதுனேன்னு சொல்றேன். முதல்ல ஏலக்காய்னு எழுதியிருந்தேன்."

"அது உன் கதை. நான் ஏலக்காய்னு சொல்லலையே."

"சொல்ல விடுடா. நான் ஏலக்காயோட விட்டிருந்தா, நீ நேத்து ஏலக்காய்னு சொல்லியிருப்ப."

கொக்கி தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தான். அடிபட்ட மாதிரி பார்த்தான். "என்னை என்ன, நீ ஊதுனா ஆடுற ஆளுன்னு நினைச்சியா? எனக்குன்னு கண்ணு மூக்கு இல்லையா? நீ எழுதுனியோ இல்லையோ, எனக்கு அந்த வாசனை அடிச்சது மாப்ள. இப்பவும் அடிக்குது. ராத்திரி சோத்துல கை வெச்சாக்கூட அடிக்குது."

"அது நான் சொன்னதுக்கு அப்புறம்தான் அடிக்குது."

"நீ சொன்னதுக்கு அப்புறந்தான் புரிஞ்சுது. அதுக்கு முன்னாடியே அடிச்சுது. என்ன வாசனைன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"அண்ணி தெருவுக்கு வந்துடுவாங்கடா."

"அதுக்காக நான் பொய் சொல்லணுமா? பெருசே ஒத்துக்க மாட்டாரு." ஈரக் காலோடு எழுந்தான். "அவர் மேல எனக்கு வருத்தமே இல்ல பேனா. அவரும் மனுஷன்தான்னு தெரிஞ்சப்புறம் இன்னும் பாசமாத்தான் இருக்கு. நீதான் அதைக் காட்டிக் குடுத்த."

எந்த எழுத்தாளனும் கேட்க ஆசைப்படுகிற வார்த்தை. பேனா அங்கே நிற்காமல் நடந்தான்.

வேறு வழி தெரியாமல் அவன் தனக்குத் தெரிந்த வேலையையே செய்தான். அந்த வாரம் மத்தியானமெல்லாம் உட்கார்ந்து அதே அத்தியாயத்தை மறுபடி எழுதினான், இந்தத் தடவை நடந்தது நடந்தபடி. குடி இல்லை. ஏச்சு இல்லை. பெருசு காலையில் எழுந்தார், பழைய சோறு சாப்பிட்டார், பெண்ணின் செருப்பு வாரைத் தைத்துக் கொடுத்தார், வேலைக்கு வந்தார், அட்டி நனைந்திருக்கிறது என்றார். ஆட்களை வெளியே அனுப்பினார். செத்தார். எழுத எழுத அது உப்பில்லாமல் போனது. செருப்பு வாரைக் கொஞ்சம் பெரிதாக்கினான். பொய் வாடை அடித்தது, கோடு போட்டு அடித்துவிட்டான். நடந்த விஷயத்துக்கு அவன் கை பழகவில்லை. பத்து வரியில் முடிந்துபோகிற விஷயம் அது.

"இவ்வளவு நாளா இல்லாததையெல்லாம் கடகடன்னு எழுதுனீங்க," என்றாள் மனைவி, சாக்கு நூலைப் பல்லால் கடித்தபடி. "இருக்கிறதை எழுத ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

"இருக்கிறதுல பிடி இல்லடி."

"அந்தாளே செத்துட்டாரு. இன்னும் என்ன பிடி வேணும்?"

வியாழக்கிழமை டீ நேரத்தில் சொன்னான். தெரிந்த வித்தையையெல்லாம் காட்டினான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான், குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினான். ஆட்கள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒருவன் கொட்டாவியைக் கையால் மறைத்தான். கொக்கி டீயைச் சூட்டோடு உறிஞ்சிக் குடித்துவிட்டு, தம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்தான்.

"நல்லாத்தான் இருக்கு மாப்ள," என்றான், ஆறுதல் சொல்கிற குரலில். "ஆனா அது நடந்த மாதிரி இல்ல."

மற்றவர்கள் எழுந்து போன பிறகும் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"மேஸ்திரி, உங்களுக்குத் தெரியும். அடிவரிசை முளைவிட்டிருந்ததை நீங்க கையால பிச்சுக் காட்டினீங்க."

"காட்டினேன்."

"நாளைக்கு அதை மட்டும் சொல்லுங்க. போதும்."

மேஸ்திரி தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நான் சொன்னா மறுநாள் எனக்கு வேலை இருக்காது. அதைக்கூட விடு, சொல்லிடலாம்னு ஒரு நாள் நினைச்சேன். அதுக்குள்ள நீ அந்தக் கிராம்பைக் கொண்டாந்த. அப்பாடான்னு இருந்துச்சுப்பா எனக்கு. அவர் குடிச்சிருந்தாருன்னா நான் பேசாம இருந்தது பெரிய தப்பு இல்லையே." எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "ஊரே தூங்குறதுக்கு ஒரு பாய் விரிச்சிட்ட நீ. இப்ப எந்திரிங்கடான்னா யாரு எந்திரிப்பா?"

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். பழைய பிரதிகள் எரிந்துவிட்டன என்றதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேலி செய்யவில்லை. "நீங்க சொல்றதை நான் நம்புறேன்னே வெச்சுக்கலாம். தாள்ல என்ன இருக்கு? கூட வேலை பார்த்தவர் ஒருத்தர் அழுதுகிட்டே சொன்னது இருக்கு. தம்பி கைப்பட எழுதுன நாவல் ஒண்ணு இருக்கு, பதிப்பகத்துல. ரெண்டும் ஒண்ணையே சொல்லுது." கொக்கியை மறுபடி அழைத்துக் கேட்டார். கொக்கி சொன்னதையே சொன்னான். இந்தத் தடவை பெருசின் இடது செருப்பு திருகியிருந்தது என்று ஒன்று கூடச் சேர்ந்திருந்தது. அதைப் பேனா எழுதவில்லை. அது கொக்கியே திருத்தியது.

அண்ணியை அழைத்தார்கள். "என் புருஷன் குடிக்க மாட்டார் சார்," என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றாள். "அட்டி நனைஞ்சிருந்துச்சாம்."

"நீங்க பார்த்தீங்களாம்மா?"

"நான் எங்கே சார் பார்த்தேன்."

தப்பு செத்தவர் மேல் என்று முடிவானது; மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யும்படி ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கே அவன் பதிப்பகத்துக்கு நடந்தான். பதிப்பகத்துக்காரர் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். அதற்கு முன் எழுந்ததில்லை. "ரெண்டு தடவை படிச்சேன். அந்தக் கிராம்பு இருக்கே."

"அதை எடுத்துடணும் ஐயா."

"எதை?"

"குடியை. அந்த அத்தியாயத்தையே."

அவர் மெதுவாக உட்கார்ந்தார். "அதை எடுத்தா என்கிட்ட இருக்கிறது மூட்டைக் கணக்குதான். அது இல்லாம நான் போட மாட்டேன். யாருமே போட மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, எத்தனை வருஷ உழைப்பு."

"அப்ப எல்லாத்தையும் குடுத்துடுங்க."

தாள்கட்டை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். மனைவி வாசலிலேயே பார்த்துவிட்டாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் உள்ளே போய் ஒரு சட்டியை எடுத்துவந்து, அறை நடுவில் ஓங்கிப் போட்டாள். அது உருண்டு சுவரில் முட்டி நிற்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை வருஷமா மத்தியானத்துல சத்தம் வராம சட்டி கழுவியிருக்கேன் தெரியுமா," என்றாள். "அக்காவுக்காகப் புத்தகத்தை விட்டுக் குடுத்துத் தொலைச்சீங்க, சரி. அதனால அக்காவுக்கு அறை கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை. இரண்டும் போனது.

அண்ணி தன் தங்கை வீட்டுக்குப் போனாள். இரும்புப் பெட்டியை அவன் வலது தோளில் ஏற்றிக்கொண்டான். வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை. பெண் புத்தகப் பையோடு முன்னால் நடந்தது. மழை விட்டிருந்தது, தெருவெல்லாம் சேறு. தங்கை வீட்டில் இவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. நிமிர்ந்தால் தலை இடிக்கும். பெட்டியை இறக்கிவிட்டு அவன் நின்றான்.

"நீங்க வேணும்னு பண்ணல தம்பி. தெரியும்," என்றாள் அண்ணி. பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டே பேசினாள். "அறை போனதுகூடப் போகட்டும். எங்கேயாவது பாத்திரம் தேய்ச்சுப் பொழைச்சுக்குவேன்."

அவன் குனிந்து புத்தகப் பையை எடுத்துச் சுவரோரம் வைத்தான்.

"நேத்து இவ கேக்குறா, ஏம்மா, அப்பா பக்கத்துல படுத்தா கிராம்பு வாசம் அடிக்குமான்னு. பள்ளிக்கூடத்துல யாரோ சொல்லியிருக்காங்க." ஒரு சட்டையை உதறினாள், அண்ணனுடையது. மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "இல்லடின்னு உடனே சொல்லியிருக்கணும். சொல்லல தம்பி. யோசிச்சேன். அந்த மனுஷனோட அத்தனை வருஷம் குடும்பம் நடத்துனவ, ஒரு நிமிஷம் உக்காந்து யோசிச்சேன். அப்பறந்தான் இல்லன்னு சொன்னேன். அதுக்குள்ள அவ மூஞ்சி மாறிடுச்சு."

சட்டையை மடித்து வைத்துப் பெட்டியை மூடினாள். "போயிட்டு வாங்க. வீட்டுல அவ காத்துக்கிட்டு இருப்பா."

அவன் வந்த வழியே நடந்தான். அறையில் பலகை அப்படியே கிடந்தது; அன்று மத்தியானம் அதன் முன்னால் உட்கார்ந்தான், ஏனென்றால் அந்த நேரத்தில் உட்காருவதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது. எழுத ஒன்றும் இல்லை. பின்கட்டில் பாத்திரங்கள் சத்தமாக மோதிக்கொண்டன. பக்கத்து அறைக்குப் புதிதாக வந்தவர்கள் சுவரில் ஆணி அடித்தார்கள்.

அண்ணியிடமிருந்து அவன் எடுத்துக்கொண்டது குடிக்காத ஒரு புருஷனை. அதை இன்னும் அவன் திருப்பிக் கொடுக்கவில்லை.